எழுத்தை விழுங்கும் மூலைகள்



திருக்குர்ஆனை ஓதக் கற்பதற்கு ஆசிரியரின் நாவும் மாணவரின் செவியும் போதும் என்பர். உண்மையில் இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று உண்டு. அதுதான் அறை. நாவிலிருந்து புறப்படும் எழுத்து செவியை நேராகச் சென்று சேர்வதோடு நிற்பதில்லை. நான்கு சுவர்களிலும் கூரையிலும் தரையிலும் மோதி, பலமுறை திரும்பி வந்து, தனக்குப் பின் பிறந்த எழுத்தின்மீதே விழுகிறது. தஜ்வீத் கற்பிக்கும் நாம் மக்ரஜைப் பற்றி நீண்ட நேரம் பேசுகிறோம். எழுத்து பிறக்கும் இடத்தை அறிவது போலவே அது போய்ச் சேரும் வழியையும் அறிவது நல்லது. அந்த வழியைச் சீர்ப்படுத்த எங்கள் மத்ரஸாவின் சிறிய அறையில் நாங்களே செய்து மாட்டிய சில மரச்சட்டங்களைப் பற்றியது இக்கட்டுரை. ஒலிப்பதிவுக் கூடங்களில் இவற்றைப் ‘பேஸ் டிராப்’ என்பார்கள். கனத்த, தாழ்ந்த ஒலியைப் பிடித்து வைக்கும் பொறி என்பது பொருள். நாங்கள் வைத்துக்கொண்ட பெயர் ‘மூலைத் தட்டி’.

பொதட்டூர்பேட்டையை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கில், திருத்தணி மலைக்கு அப்பால், ஆந்திர எல்லையை ஒட்டிய நெசவாளர் ஊர் இது. 1960 ஏப்ரலில் எல்லை திருத்தப்படும்வரை திருத்தணியும் இவ்வட்டாரமும் சித்தூர் மாவட்டத்தில் இருந்தன. ஆகவே கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கும். நம் வீடுகள் பலவற்றில் தக்னி உருதும் உண்டு. எல்லா மொழிகளுக்கும் அடியில் ஒரே தாளமாக ஒலிப்பது விசைத்தறி. தெருவில் நடந்தால் செவிக்குக் கேட்கும். வீட்டுச் சுவரில் கை வைத்தால் கைக்கும் கேட்கும்.

எங்கள் மத்ரஸாவில் காலையும் மாலையும் சிறுவர்கள் ஓதுகிறார்கள். இஷாவுக்குப் பின் பெரியவர்களுக்கென ஒரு வகுப்பு நடக்கிறது. பகலெல்லாம் தறியில் நின்றவர்கள், இளமையில் ஓத வாய்ப்புக் கிடைக்காதவர்கள், பேரன் ஓதுவதைக் கேட்டுத் தாமும் ஓத ஆசைப்பட்டவர்கள் எனப் பத்துப் பேர் வரை வருவார்கள். அவர்களுள் ஒரு பெரியவர் முப்பதாண்டுகளுக்கு மேல் தறிக்கூடத்தில் வேலை பார்த்தவர். எதைச் சொன்னாலும் தலையசைப்பார். திரும்ப ஓதச் சொன்னால் வேறொரு எழுத்தை ஓதுவார். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் தயங்கி நின்று, “ஹஜ்ரத், என் காது தறிக்கே போயிடுச்சு. இனிமே நான் வர்றது வீண். உங்க நேரமும் கெடுது” என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. விசைத்தறிக் கூடத்துக்குள் ஓசை 90 டெசிபெலைத் தாண்டுவது இயல்பு. இத்தகைய ஓசையில் ஆண்டுக்கணக்கில் நிற்பவருக்கு முதலில் பழுதாவது உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன். குறிப்பாக 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி முதலில் அடிபடும். ஸே, ஸீன், ஸாத் ஆகிய எழுத்துகளின் உரசல் ஒலிகளில் பெரும்பகுதி அந்த உயரத்தைச் சுற்றியே இருக்கிறது. தமிழில் எழுதும்போது மூன்றுக்கும் நமக்கு ‘ஸ’ ஒன்றுதான். அடிநாவில் பிறக்கும் காஃபையும் அதற்குச் சற்று முன்னே பிறக்கும் காஃபையும் கூட நம் எழுத்து பிரித்துக் காட்டாது. போதாததற்குத் தக்னி பேசும் வீடுகளில் அடிநாக் காஃப் ‘ஃகா’வாக உரசி ஒலிப்பது தலைமுறை வழக்கம். எழுத்தும் உதவாது, வீட்டு வழக்கும் உதவாது என்னும்போது செவி ஒன்றே துணை. அந்தச் செவியும் தேய்ந்திருந்தால், மிச்சமிருக்கும் கேள்திறனை ஒரு துளிகூட வீணாக்காத அறை வேண்டும். எங்கள் அறை அப்படி இல்லை. பெரியவர் சொல்லாமல் விட்ட மறுபாதி உண்மை அதுதான்.

சிரமப்பட்டு, தடுமாறி ஓதுபவருக்கு இரு கூலி உண்டென்பது நாம் அறிந்த நபிமொழியின் கருத்து. கற்பவருக்கு அது பெரும் ஆறுதல். ஆனால் நீக்கக்கூடிய சிரமத்தை நீக்காமல் விடுவதற்குக் கற்பிப்பவர் அதைச் சாக்காகக் கொள்ளலாகாது. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்றும் நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறதல்லவா? ஓசை செல்லும் பாதைக்கும் இது பொருந்தும் என்றே எனக்குத் தோன்றியது.

முதலில் வந்த யோசனை ஒலிபெருக்கி. நல்ல எண்ணத்தோடு சொல்லப்பட்டதுதான். ஆயினும் எதிரொலி மிகுந்த அறையில் குரலைப் பெரிதாக்கினால் எதிரொலியும் அதே அளவில் பெரிதாகும். கலங்கிய குளத்தில் மேலும் தண்ணீர் ஊற்றினால் தெளிவு வந்துவிடாது. அடுத்த யோசனை ஜன்னல்களைத் திறந்து வைப்பது. அறையின் கலக்கம் உடனே குறையும், ஆனால் தெருவின் தறியோசை உள்ளே வரும். ஜன்னலை மூடினால் தறி குறைந்து அறை முழங்கும். இவ்விரண்டுக்கும் நடுவே நாங்கள் சிக்கியிருந்தோம்.

ஜன்னலைச் சொன்னதும் ஒரு வரலாறு நினைவுக்கு வருகிறது. 1895-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஃபாக் அருங்காட்சியகத்தின் சொற்பொழிவு மண்டபத்தில் பேசியது எதுவும் விளங்கவில்லை. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் அதைச் சரிசெய்யும் பொறுப்பு வந்தது. ஒரு சொல் அடங்க ஐந்தரை வினாடி பிடித்த மண்டபம் அது. அவர் இரவுகளில், ஊர் அடங்கிய பின், அருகிலிருந்த அரங்கத்தின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து பரப்பினார். ஓர் ஆர்கன் குழலை ஒலிக்கச் செய்து நிறுத்தி, ஓசை அடங்கும் நேரத்தைக் கடிகாரத்தில் குறித்தார். மெத்தைகளைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துப் பார்த்து, இறுதியில் ஓர் எளிய கணக்கைக் கண்டடைந்தார். அந்தக் கணக்கில் அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் திறந்த ஜன்னல். ஒரு சதுர அடி திறந்த ஜன்னலில் விழும் ஓசை திரும்பி வராது. ஆகவே மெத்தையோ துணியோ மனிதரோ எத்தனை சதுர அடி ஜன்னலுக்கு ஈடு என்று அளந்தால் போதும். அறையின் கன அடியை 0.049-ஆல் பெருக்கி, அந்த ஜன்னல் அளவால் வகுத்தால் ஓசை அடங்கும் நேரம் வினாடியில் கிடைக்கும். 1900-இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி மண்டபம் அவருடைய ஆலோசனையோடு கட்டப்பட்டது.

எங்கள் அறை 12 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம். கொள்ளளவு 1,440 கன அடி. சுவர், தரை, கூரை அனைத்தும் சிமெண்ட். மொத்தப் பரப்பு 768 சதுர அடி. தாழ்ந்த ஒலிகளைச் சிமெண்ட் பூச்சு நூற்றுக்கு இரண்டு பங்குதான் விழுங்கும். அதாவது 768 சதுர அடியும் சேர்ந்து ஏறத்தாழ 15 சதுர அடி ஜன்னலுக்குச் சமம். கணக்கிட்டால் நாலரை வினாடிக்கு மேல் வருகிறது. பத்துப் பேர் அமர்ந்தால் நிலைமை மாறும். ஒருவரின் உடலும் உடையும் நடுத்தர ஒலிகளில் நான்கைந்து சதுர அடி ஜன்னலுக்கு ஈடாகும். ஆனால் தாழ்ந்த ஒலிகளில் அதில் பாதிதான். பத்துப் பேரோடும் கணக்கு ஒன்றேமுக்கால் வினாடியில் நிற்கிறது. கதவும் ஜன்னல் பலகைகளும் கொஞ்சம் விழுங்குவதால் நடப்பில் இன்னும் குறையும். சபைனின் கணக்கு பெரிய மண்டபங்களுக்கே நன்கு பொருந்தும் என்பதையும் மறக்கலாகாது. ஆயினும் நோய் எங்கே என்று அது காட்டிவிடுகிறது. உயர்ந்த ஒலிகள் சீக்கிரம் அடங்க, தாழ்ந்த கார்வை மட்டும் தங்கி நிற்கிறது.

பள்ளிவாசல்களில் புதிய கம்பளம் விரித்த பின்னும் ஓதுவது விளங்கவில்லை என்று சிலர் குறைப்படுவதன் காரணமும் இதுவே. மெல்லிய கம்பளம் உயர்ந்த ஒலிகளை மட்டும் விழுங்கும். எழுத்துகளின் கூர்மை கம்பளத்துக்குள் போய்விடும், முழக்கம் கூரையில் தங்கிவிடும். செவியின் இயல்பும் இதற்குத் துணைபோகிறது. தாழ்ந்த ஒலி உயர்ந்த ஒலியை எளிதில் மறைக்கும். உயர்ந்த ஒலி தாழ்ந்ததை அவ்வளவாக மறைப்பதில்லை. உயர்ந்த ஒலிகளை ஏற்கெனவே பாதி இழந்துவிட்ட செவிக்கு இது இரட்டை நட்டம்.

சிறிய அறைக்கு இன்னொரு குணமும் உண்டு. ஓசை வினாடிக்கு ஏறத்தாழ 1,125 அடி செல்கிறது. 12 அடி இடைவெளியுள்ள இரு சுவர்களுக்கு நடுவே போய்வர 24 அடி. 1,125-ஐ 24-ஆல் வகுத்தால் 47 வருகிறது. அந்த அறை 47 ஹெர்ட்ஸுக்கும் அதன் மடங்குகளான 94, 141 ஆகியவற்றுக்கும் தானாகவே முழங்கும். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரு திசை முழக்கமும் ஒரே சுருதியில் சேர்ந்துகொள்கின்றன. உயரம் 10 அடி என்பதால் 56-உம் அதன் மடங்கான 112-உம் சேரும். ஆணின் பேச்சுக் குரலின் அடிச்சுருதி ஏறத்தாழ 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை. ஆக, ஆசிரியரின் குரல் நடமாடும் இடத்திலேயே அறையின் சொந்தக் குரல்களும் குடியிருக்கின்றன.

இதை அறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஆளில்லாத அறையில் நின்று, வாயை மூடி, ‘ம்ம்ம்’ என்று தாழ்ந்த சுருதியிலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டே போகவேண்டும். ஏதோ ஒரு சுருதியில் அறையே உங்களோடு சேர்ந்து முனகும். அதே சுருதியை நிறுத்தாமல் மெல்ல நடந்தால், மூலையில் அது பெருத்தும் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி மெலிந்தும் கேட்கும். 94 ஹெர்ட்ஸ் ஒலி 12 அடி அறையில் சுவர்களிலும் நடுவிலும் பெருகி, கால் பங்கு தூரத்தில் இளைத்துவிடும். உயரத்தில் 112 ஹெர்ட்ஸ் தரையிலிருந்து இரண்டரை அடியில் இளைக்கும். தரையில் அமர்ந்து ஓதுபவரின் செவி கிட்டத்தட்ட அந்த உயரத்தில்தான் இருக்கிறது. சுவரில் சாய்ந்திருப்பவருக்கு ஆசிரியர் குரல் பீப்பாய்க்குள்ளிருந்தும், இரண்டாம் வரிசையில் இருப்பவருக்கு அதே குரல் உடலற்றும் கேட்பது இதனால்தான். ஒரே பாடத்தை ஒரே அறையில் பத்துப் பேர் பத்து விதமாகக் கேட்கிறார்கள். நம் பெரியவர் சுவரோரம் சாய்ந்து அமர்பவர்.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். 1557-இல் கட்டி முடிக்கப்பட்ட இஸ்தான்புல் சுலைமானிய்யா பள்ளியின் குவிமாடத்தில் கட்டடக் கலைஞர் சினான், வாய் உள்நோக்கித் திறந்த மண்குடங்களைப் பதித்து வைத்தார். குடத்தின் வாயில் ஊதினால் அதற்கென ஒரு சுருதி எழுகிறதல்லவா? அந்தச் சுருதி அறையில் முழங்கும்போது குடம் அதைத் தன்னுள் வாங்கி அடக்கும். பிஜப்பூரில் முஹம்மது ஆதில் ஷாவின் அடக்கத்தலமான கோல் கும்பஸ் இதற்கு நேர்மாறு. அதன் பெரிய குவிமாடத்தின் உட்புற நடையில் ஒருவர் சுவரோரம் முணுமுணுத்தால் எதிர்ப்புறத்தில் இருப்பவர் கேட்பார். கைதட்டினால் பலமுறை திரும்பி வரும். சர் சி. வி. ராமன் 1920-களின் தொடக்கத்தில் இத்தகைய முணுமுணுப்பு மாடங்களை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். காயல்பட்டினம், கீழக்கரைப் பழைய பள்ளிகளின் கல்தூண் வரிசைகளோ ஓசையைச் சிதறடித்து, ஓரிடத்தில் தேங்கவிடாமல் செய்கின்றன. வெற்றுச் சிமெண்ட் பெட்டியைக் கட்டி அதற்குள் ஓதத் தொடங்கியது நம் காலத்துப் பழக்கம்.

சரி, மருந்து என்ன? சுவரில் ஒட்டும் மெல்லிய பஞ்சுத் தகடுகளும் முட்டை அட்டைகளும் தாழ்ந்த ஒலிக்கு உதவா. தெர்மாகோல் எந்த ஒலிக்கும் பெரிதாக உதவாது. அதன் நுண்ணறைகள் மூடியவை, காற்று ஊடுருவ வழியில்லை. ஓசை என்பது காற்றின் அசைவு. நாரிழைகளுக்கு நடுவே காற்று உரசிச் செல்லும்போதுதான் அசைவு வெப்பமாகி அடங்கும். சுவரை ஒட்டிய காற்று அசைய இடமின்றி நிற்கிறது. சுவரிலிருந்து தள்ளிப்போகப் போக அசைவு கூடி, அலைநீளத்தில் கால் பங்கு தூரத்தில் உச்சத்தை அடைகிறது. 100 ஹெர்ட்ஸின் அலைநீளம் பதினொன்றேகால் அடி, அதில் கால் பங்கு 2.8 அடி. சுவரோடு ஒட்டிய இரண்டங்குலத் தகட்டை அந்த அலை பொருட்படுத்தாது. ஆனால் இரு சுவர்கள் கூடும் மூலையில் எல்லா முழக்கமும் வந்து குவிகிறது. அங்கே ஒரு தடித்த தட்டியைக் குறுக்காக நிறுத்தினால், இரண்டடி அகலத் தட்டிக்குப் பின்னால் நடுவில் ஓரடி வெற்றிடம் தானாகக் கிடைக்கும். குறைந்த பொருளில் அதிகப் பயன். ஆகவேதான் மூலை.

எதை நிரப்புவது என்பதில்தான் மனம் கனத்தது. எங்கள் மத்ரஸாவுக்கு அடுத்த தெருவில் தறி வைத்திருக்கும் முதலியார் ஒருவர் செய்தி கேட்டுத் தாமே வந்தார். “பாய், கழிவுப் பஞ்சு மூட்டை மூட்டையா கிடக்கு. எத்தனை வேணுமோ எடுத்துக்கங்க. காசு கீசு பேசாதீங்க” என்றார். பஞ்சு ஓசையை நன்றாகவே உறிஞ்சும். செலவும் இல்லை. அண்டை வீட்டார் மனமுவந்து தருவதை மறுப்பது எளிதும் அன்று, அழகும் அன்று. ஆனால் அந்த அறையில் காலையிலும் மாலையிலும் அமர்பவர்கள் குழந்தைகள்.

2004 ஜூலை 16-ஐத் தமிழ்நாட்டில் பள்ளி நடத்தும் எவரும் மறக்க இயலாது. கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளின் உயிரைக் கொண்டுபோனது. அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் தீவில் ஓர் இசை விடுதி எரிந்து 100 பேர் மாண்டனர். ஓசையை அடக்கச் சுவரில் ஒட்டியிருந்த பாலியூரித்தேன் பஞ்சுதான் வாணத் தீப்பொறி பட்டுச் சில நிமிடங்களில் கூடம் முழுவதும் பரவியது. ஒன்றில் நிழலுக்காக வேய்ந்த கீற்று, மற்றொன்றில் நல்ல ஓசைக்காக ஒட்டிய பஞ்சு. எளிதாகக் கிடைத்தது என்பதைத் தவிர இரண்டையும் வைத்ததற்கு வேறு பெரிய காரணம் இல்லை.

முதலியாரிடம் இதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “சரிதான் பாய். பஞ்சு கிடக்கிற பக்கம் நாங்க பீடியே பத்தவைக்க விடமாட்டோம். புள்ளைங்க இருக்கிற இடத்துல வேணாம்” என்றார். மறுநாள், தறியில் இழை பிசகி விற்பனைக்கு ஆகாத காடாத் துணியை ஒரு சுருளாகக் கொடுத்தனுப்பினார். தட்டிகளின் மேலுறை அதுதான்.

உள்ளே வைத்தது பாறைக் கம்பளி. கடையில் ராக்வூல் என்று கேட்கவேண்டும். கொதிகலன்களுக்கும் குளிர்சாதனக் குழாய்களுக்கும் சுற்றுவது. பாறையை உருக்கி இழையாக்கியது என்பதால் தீப்பிடிக்காது. கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, இரண்டங்குலத் தடிமன் கொண்ட தகடுகளைச் சென்னையிலிருந்து தருவித்தோம். இதன் இழைகள் தோலில் பட்டால் அரிக்கும், தூசு தொண்டையை உறுத்தும். முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம் இல்லாமல் தொடக்கூடாது. அறுப்பதை வெளியில் வைத்துக்கொள்ளவேண்டும். பிள்ளைகளை அருகே விடக்கூடாது. உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-இல் இவ்வகைக் காப்புக் கம்பளியை மனிதருக்குப் புற்றுநோய் தருவதாக வகைப்படுத்த இயலாதவற்றின் பட்டியலுக்கு மாற்றியது. எனினும் இழை அறைக்குள் உதிராமல் இறுக்கமாக உறையிடுவது நம் கடமை.

செய்முறை எளிது. நான்கங்குல அகலப் பலகையில் இரண்டடிக்கு நான்கடி சட்டம். கரையான் எண்ணெய் பூசி ஒருநாள் உலர்த்தவேண்டும். பின்புறம் கோழிவலை அடித்து, காடாத் துணியை ஒரு சுற்று விரித்து, இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் நான்கங்குலம் நிறையும். மேலே துணியை இரட்டையாக இழுத்துக் கட்டி, பின்பக்கம் மடித்து ஆணியடிக்கவேண்டும். உறைத்துணி தகுந்ததா என அறிய ஒரு சோதனை உண்டு. துணியை வாயில் வைத்து ஊதினால் மூச்சு மறுபக்கம் போகவேண்டும். மூச்சு போகும் வழியில் ஓசையும் போகும். ரெக்சின் போன்றவை ஆகா.

கதவிருக்கும் மூலையை விட்டு மற்ற மூன்று மூலைகளிலும் மூலைக்கு இரண்டாக ஆறு தட்டிகள். தரையிலிருந்து இரண்டடி விட்டுக் கூரை வரை நிறுத்தினோம். கூரையும் இரு சுவர்களும் கூடும் முனையில்தான் முழக்கம் மிகுதி என்பது ஒரு காரணம், சிறுவர்கள் சாய்ந்து இடிக்காமலிருப்பது மற்றொன்று. ஒவ்வொன்றும் சட்டத்தோடு ஏழெட்டுக் கிலோ இருக்கும். தலைக்கு மேல் நிற்கும் கனம் என்பதால் ரால் பிளக் அடித்து, இரும்பு கிளாம்பு வைத்து முடுக்கினோம். துணி எரியக்கூடியது என்பதால் மின்கம்பியும் பிளக்கும் அந்த மூலைகளில் இல்லாதவாறு முன்னரே மாற்றிவிட்டோம். சட்டம் அடித்தவர்களும் துணி இழுத்தவர்களும் இஷா வகுப்பு மாணவர்களே. நெசவாளர் கையில் துணி சுருக்கமின்றி நின்றது.

48 சதுர அடித் தட்டியும் திறந்த ஜன்னலாகவே வேலை செய்வதாகக் கொண்டால், ஒன்றேமுக்கால் வினாடிக் கணக்கு 0.8 ஆகிறது. கணக்கு கிடக்கட்டும். மறுபடி ‘ம்ம்ம்’ என்று சுருதி ஏற்றிப் பார்த்தபோது, முன்பு அறையே முனகிய இடத்தில் குரல் மட்டும் இருந்தது. கல்கலா எழுத்தில் நிறுத்தி ஓதினால் அந்தச் சிறு அதிர்வு தனியாகக் கேட்கிறது. முன்பு அது சுவரின் அதிர்வோடு கலந்துவிடும். மத்தை எத்தனை அளவு நீட்டினோம், எங்கே முடித்தோம் என்பதும் தெளிவாகத் தெரிகிறது. குரலை உயர்த்தவேண்டிய தேவையும் குறைந்தது. லுக்மான் (அலை) தம் மகனுக்குச் சொன்ன அறிவுரைகளில் குரலைத் தாழ்த்துவதும் ஒன்றல்லவா? அறை இடம்கொடுத்தால் ஆசிரியருக்கு அது எளிதாகிறது.

இவை செய்யாதவற்றையும் சொல்லவேண்டும். மூலைத் தட்டி வெளியோசையைத் தடுக்காது. தறி இன்னும் கேட்கிறது. வெளியோசையைத் தடுக்கக் கனத்த சுவரும் இடைவெளியற்ற கதவும் வேண்டும். அது வேறு வேலை. உள்ளே வந்துவிட்ட ஓசை தேங்காமல் வடிய மட்டுமே தட்டி உதவும். இழந்த செவியையும் அது மீட்டுத் தராது. நம் பெரியவருக்கு ஸேயும் ஸீனும் இன்னும் ஒன்றாகவே கேட்கின்றன. நாவின் நுனி பற்களுக்கு நடுவே வருவதைப் பார்த்து அவற்றை அறிந்துகொள்கிறார். ஆனால் ஸாதின் கனம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. அடிநாக் காஃபையும் முன்காஃபையும் பிரித்து ஓதுகிறார். அதைவிட முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. இப்போது அவர் சும்மா தலையசைப்பதில்லை. விளங்காதபோது, “இன்னொரு தரம் சொல்லுங்க ஹஜ்ரத்” என்கிறார். எதுவுமே விளங்காத இடத்தில் ஒருவரும் அப்படிக் கேட்பதில்லை. பெரும்பகுதி விளங்கி, சிறிது மட்டும் தவறும்போதுதான் கேட்கத் துணிவு வரும்.

இதைப் படிக்கும் பள்ளி நிர்வாகிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இது. ஒலிபெருக்கிக்கோ புதிய கம்பளத்துக்கோ செலவிடும் முன், ஆளில்லாத அறையில் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். ஒருமுறை சுருதி ஏற்றி முனகிப் பாருங்கள். பிறகு கடைசி வரிசையில் சுவரோரம் சாய்ந்திருக்கும் வயதானவரிடம் போய், இன்று என்ன கேட்டது என்று விசாரியுங்கள். தலையசைப்போடு விட்டுவிடாதீர்கள், திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். தட்டி மாட்ட முடிவெடுத்தால், விலையை விசாரிக்கும் முன் அது தீப்பிடிக்குமா என்று விசாரியுங்கள்.

தன் வேதத்தைத் தெளிவாக ஓதவும், தெளிவாகக் கேட்கவும், கேட்க இயலாதவருக்கு வழியைச் செப்பனிடவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.